இடப்பக்கம் ஒதுங்கு கண்ணு

நொச்சிவலசுக்கு மேலே இரண்டு பிளேன்கள் எதிரும் புதிருமாக வந்து நின்றுபோன அன்றைக்கு, கொப்பரைக் களத்தில் தேங்காய்ப் பருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் முதலில் கண்டது பிளேனை அல்ல, நிழலைத்தான். சுள்ளென்ற சித்திரை வெயிலில் காய வேண்டிய பருப்பின் மேல் இதென்னடா சனியன் வந்து படுத்திருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தால், கோயமுத்தூரில் இறங்க வந்த பெரிய பிளேனும், எங்கேயோ பறந்து பழகிக்கொண்டிருந்த தும்பி போன்ற சின்னப் பிளேனும், மூக்குக்கு மூக்கு ஒரு பனைமர நீளம் இடைவெளி விட்டு, அந்தரத்தில், விழாமலும் போகாமலும் நின்றுகொண்டிருந்தன. இரைச்சல்கூட இல்லை. வாயைப் பிளந்து கொஞ்ச நேரம் பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அப்புறம், "நிக்கறது நிக்கட்டும், பருப்பு பூசணம் புடிச்சுப்போயிரும் வாங்கடி" என்று ஒருத்தி சொல்ல, நிழல் விழாத பக்கமாகப் பருப்பை அள்ளிக் கொட்டினார்கள்.

நொச்சிவலசுக்காரர்கள் அப்படித்தான். ஆகாசமே இடிந்து விழுந்தாலும், சரி, விழுந்த ஆகாசத்தை எங்கே அடுக்கி வைப்பது என்று கேட்கிற சனம். முதல் வாரம் சுத்துப்பட்டு ஊரெல்லாம் வேடிக்கை பார்க்க வந்து கழுத்துச் சுளுக்கோடு திரும்பிப் போனது. பிறகு வாரச்சந்தை பெரிய பிளேனின் நிழலுக்கு மாறியது. நிழல் நகர நகரத் தக்காளிக் கடையும் கருவாட்டுக் கடையும் கூடவே நகர்ந்து, பொழுது சாய்கையில் சுடுகாட்டு மேட்டில் போய் நிற்கும், அங்கேயும் பேரம் பேசித்தான் வாங்குவார்கள். பஸ் கண்டக்டர்கள் ஊர்ப் பேரை மறந்து "ரெண்டு பிளேன் எல்லாம் எறங்குங்க" என்று கத்தினார்கள். பொய் சொல்லும் பிள்ளைகள் நிற்கிற பிளேன் மேல் சத்தியம் செய்தார்கள். மலைத்தேனீ வந்து பெரிய பிளேனின் ஒரு இறக்கையடியில் அடை கட்டியது, அந்தத் தேன் சொட்டும் இடத்தில் குடம் வைப்பது யார் என்பதில் வடக்கு வீதிக்கும் தெற்கு வீதிக்கும் மண்டை உடைந்தது. இறக்கையில் தங்கிய மழைத்தண்ணீர் வடிந்த இடத்தில் கத்தரிச்செடி போட்டார்கள், காய் நன்றாகத்தான் இருந்தது.

அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். அண்ணாந்து பார்த்து இந்தியில் பேசினார்கள், குனிந்து இளநீர் குடித்தார்கள், மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: மோதவில்லை, ஆகவே விபத்து இல்லை, இறங்கவில்லை, ஆகவே யாரும் வந்து சேரவும் இல்லை. பெரிய பிளேனில் இருந்தவர்களின் சொந்தபந்தமெல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து பந்தல் போட்டுக் காத்திருந்தார்கள். செத்தார் என்று சொன்னால் ஒரு பிடி எள்ளாவது இறைக்கலாம், இருக்கிறார் என்று சொன்னால் ஒரு வாய்ச் சோறாவது எடுத்து வைக்கலாம். இரண்டும் இல்லாமல் மனுசன் எத்தனை நாள் அண்ணாந்துகொண்டே இருப்பான்? பழகப் பழகப் பாலும் புளிக்கும். பந்தல் கிழிந்தது, ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள், அப்புறம் ஆடிக்கு ஒருதரம் பொங்கலுக்கு ஒருதரம் என்று வந்துபோனார்கள். முக்காலியில் நிற்கிற பெரிய பைனாகுலர் ஒன்றை மட்டும் களத்தின் ஓரத்தில் விட்டுப்போயிருந்தார்கள்.

கிளம்பிப் போக இடமில்லாத ஆள் ஒருத்தர் இருந்தார். கொப்பரைக் களத்துக்காரர் அர்த்தநாரி. சின்னப் பிளேனை ஓட்டிக்கொண்டிருந்தது அவருடைய ஒரே மகள் கோகிலவாணி.

பிளேன் ஓட்டப் படிக்கிறேன் என்று அவள் சொன்னபோது அர்த்தநாரி வேண்டாம் என்றார். வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வாள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னார், அப்பன் என்றால் சொல்லித்தானே ஆகவேண்டும். அவள் போனாள், படித்தாள், தன்னந்தனியாக ஓட்டுகிற முதல் நாள் வா என்று அப்பனைக் கூப்பிட்டாள். "களத்துல பருப்புக் கெடக்குது, யாரு பாக்கறது" என்று அவர் போகவில்லை. சரி, நீ வராட்டி என்ன, நான் வருகிறேன் என்று களத்தைச் சுற்றிக்காட்டிவிட்டுப் போக வழிமாறி வந்தவள்தான், இப்படி அப்பனின் தலைக்கு மேலேயே நின்றுபோனாள். ஊரில் யாரும் இதை அவரிடம் குத்திக்காட்டவில்லை. அவரே காலையில் எழுந்ததும் தன்னைத்தானே குத்திக்கொள்வார், அதற்கப்புறம்தான் காப்பி.

பைனாகுலரில் பார்த்தால் வாணியின் முகம் தெரியும். கண் அகலத் திறந்திருந்தது, வாய் திறக்கப் பார்த்தது. அர்த்தநாரி நாள் தவறாமல் பார்த்தார், அவர் பெண்சாதி பாவாயி பார்க்க மாட்டாள், "எம்புள்ள என்னைப் பாக்காதப்ப நான் மட்டும் எதுக்குங்க பாக்கோணும்" என்பாள். அடுத்த ஆடி வந்தபோது அர்த்தநாரி ஒன்றைக் கவனித்தார்: வாணியின் வாய் முழுசாகத் திறந்திருந்தது. போன வருசம் தோளில் கிடந்த சடை இப்போது தோளை விட்டு ஒரு விரற்கடை எழும்பியிருந்தது. அவர் போட்ட கூச்சலில் களமே ஓடிவந்தது. நிற்கவில்லையடா சாமி, நிற்கவில்லை, போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், பூசணிக்காய் பருக்கிற மாதிரி நம் கண்ணுக்குத் தெரியாத மெதுவில் போய்க்கொண்டிருக்கிறார்கள்! பனைமரத்தைப் படுக்கப்போட்ட நீளம் இருந்த இடைவெளியும் ஒரு முழம் குறைந்துதான் போயிருந்தது. நமக்கு ஒரு வருசம், அவளுக்கு இமை கொட்டுகிற நேரம்.

உயிரோடு இருக்கிறாள் என்கிற சந்தோசம் அந்த ஆடியோடு சரி. மறு வருசம் பார்த்தால், அவள் கையில் பிடித்திருந்த ஸ்டியரிங் போன்ற ஒன்று வலப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. அர்த்தநாரி ஊரைக் கூப்பிட்டார். பாவாயியைத் தவிர ஊரே வரிசையில் நின்று ஒவ்வொருத்தராகப் பைனாகுலரில் கண் வைத்துப் பார்த்து, பார்த்த ஒவ்வொருத்தரும் "ஐயையோ, சோத்துக்கைப் பக்கமில்ல திருப்பறா" என்று தலையில் கை வைத்தார்கள்.

ஏனென்றால் நொச்சிவலசில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த ஒரு சட்டம் உண்டு. அந்த ஊர்த் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரித் தடங்கள் ஓடுகின்றன. ஒரு வண்டி போகத்தான் அகலம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால், பாரவண்டி தன் இடப்பக்கம் அணைந்து நிற்கும், வெறும் வண்டி தன் இடப்பக்கச் சக்கரத்தை வேலிக்கரை மேல் ஏற்றி ஒதுங்கும். இது அவர்கள் பாட்டன் காலத்துக்கும் முந்தி வந்த மரியாதை. சோத்துக்கைப் பக்கம் திருப்புகிறவனுக்கு அந்த ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். இத்தனை சனம் ஏறிய பெரிய பிளேன் பாரவண்டி, ஒற்றை ஆள் இருக்கிற சின்னப் பிளேன் வெறும் வண்டி, இதிலே யோசிக்க என்ன இருக்கிறது?

"சொல்லிப்போடலாமுங்க" என்றான் மைக்செட் மாரப்பன். கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறவன் அவன். "நம்ம கொழாயைத் தென்னை உச்சியில மேல் பாத்தாப்பல கட்டிப்போடறேன். நீங்க பேசுங்க. இன்னைக்குச் சொன்னது அவ காதுக்குள்ள போக நாளாகும், ஆனா போகும்."

பாவாயி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவ என்னைக்குங்க உங்க பேச்சைக் கேட்டிருக்கறா?"

"இன்னைக்குக் கேப்பா புள்ள" என்றார் அர்த்தநாரி. "உசுருக்கு ஆபத்துன்னா அப்பன் சத்தம் காதுல விழுமல்லோ."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. காலையிலும் சாயங்காலமும் அர்த்தநாரி களத்தில் நின்று, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "கண்ணு வாணீ, அப்பன் பேசறேன், இடப்பக்கம் ஒதுங்கு கண்ணு, பாரவண்டி வருது, இடப்பக்கம் ஒதுங்கு" என்று தொண்டை கட்டும்வரை சொல்லுவார். முதல் மாதம் கேட்டவர்களெல்லாம் அழுதார்கள். அப்புறம், ஊர் ஆயிற்றே, அதையும் செரித்துக்கொண்டது. காலை 'ஒதுங்கு'வுக்குப் பெண்கள் களத்துக்குக் கிளம்பினார்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள், சாயங்கால 'ஒதுங்கு'வுக்கு மாடுகள் தாமாகவே கட்டுத்தரைக்குத் திரும்பின. தொட்டில் பிள்ளைகள் அது இல்லாமல் தூங்க மறுத்தன. ஒருதரம் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அதைக் கேட்டு, ஏதோ சாமி பாட்டு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். என்ன சொல்கிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. தெரிந்த விசயத்தை யாராவது போய் விசாரிப்பார்களா!

வருசங்கள் போயின. வாணியோடு படித்த பெண்கள் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்து "அதா பாரு, அதுல இருக்கறது என் சிநேகிதி" என்று காட்டினார்கள். வாணிக்கு இன்னும் அதே இருபத்தொன்று, அதே மஞ்சள் சுடிதார். பாவாயியின் தலை வெளுத்தது. அர்த்தநாரிக்குப் பல் ஒவ்வொன்றாகப் போய், ஒதுங்கு என்கிற சொல்லே வாயில் ஒழுங்காக நிற்காமல் வழுக்கியது. தேங்காய் விலை ஏறியது, இறங்கியது, யாருக்கு வேண்டும்? இடைவெளி பனைமரத்திலிருந்து குறைந்து குறைந்து பாதிப் பனைமரம் ஆகியிருந்தது. பெரிய பிளேனின் ஒரு இறக்கை லேசாகத் தாழ்ந்த மாதிரி தெரிந்தது. தேனடை கட்டிய இறக்கை அது, அடையின் பாரம்தான் இழுக்கிறது என்று ஊர் தீர்மானித்துவிட்டது.

ஒரு மாசி மாசத்தில் வாணியின் கை நின்றது. வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போன ஸ்டியரிங் அதற்கு மேல் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. அர்த்தநாரி மூச்சு விடப் பயந்து பைனாகுலரை விட்டு நகராமல் கிடந்தார், சோறு அங்கேயே போனது. கூச்சலிடத் திறந்திருந்த அவள் வாய் மெல்ல மெல்லக் கூடியது, உதடு நெளிந்தது, தெரிந்த குரல் கேட்டவளுக்கு வருகிற ஒரு சாயல் முகத்தில் வந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அத்தனை வருசத்தில் முதல்முறையாகப் பாவாயி பைனாகுலரில் கண்ணை வைத்தாள். வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

"சரிங்ப்பான்னு சொல்லறாளுங்க" என்றாள். "உதட்டைப் பாருங்க. சரிங்ப்பாங்கறா."

அட, அன்றைக்கு ஊர் பட்ட சந்தோசத்தைச் சொல்லி மாளாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள், அர்த்தநாரி சொல் ஆகாசமே ஏறிவிட்டதே! மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, வடக்கு வீதியும் தெற்கு வீதியும் தேன் குடத்தை மறந்து ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அர்த்தநாரி போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, "எம்புள்ள என் பேச்சைக் கேட்டுட்டா, கேட்டீங்களா, எம்புள்ள என் பேச்சைக் கேட்டுட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

சேதி பரவியது. பந்தலை விட்டுப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வந்தார்கள். அவர்களோடு, அதுவரை ஒருமுறைகூட வந்திராத ஒரு அம்மாளும் வந்தார். பேர் பிரிசில்லா, நாகர்கோவில் பக்கம். பெரிய பிளேனை ஓட்டுகிறவரின் மனைவி. இத்தனை வருசமும் ஜன்னலைச் சாத்தி, வானம் தெரியாத வீட்டில் குடியிருந்தவர், சின்னது ஒதுங்குகிறது, பெரியது பிழைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு, பார்க்கத் தைரியம் வந்து கிளம்பிவிட்டார். பாவாயி அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் களத்தில் இலை போட்டு, "சாப்புடுங்க அம்மிணி, இனி நமக்கென்ன கவலை" என்று கறிச்சோறு வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சாயங்கால மைக் பேசியது. ஒதுங்கத் தொடங்கியவளை நடுவில் விட்டுவிடக் கூடாது என்று அர்த்தநாரி முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார். "இடப்பக்கம் கண்ணு, அப்படியே இடப்பக்கம், எஞ்சாமி!"

பிரிசில்லாவின் கை இலையில் நின்றது.

"எதுக்கு இடப்பக்கம் சொல்றாரு?" என்று கேட்டார்.

"ஒதுங்கறதுக்குத்தானுங்க."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"இதைப் போயி யாரு சொல்லிக்குடுக்கோணும்?" பாவாயி சிரித்தாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பிரிசில்லா கை கழுவவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து களத்தின் நடுவே போய், அர்த்தநாரியின் கையிலிருந்த மைக்கை வாங்கி மாரப்பனிடம் கொடுத்துவிட்டு, "ஐயா, நீங்க அங்க நில்லுங்க, நான் இங்க நிக்கேன்" என்று அவருக்கு எதிரே பத்தடி தள்ளி நின்றார். "நான் பெரிய பிளேன். நீங்க உங்க மக. நாம நேருக்கு நேரா வாறோம். வானத்துல ஒரே ஒரு சட்டம்தான் ஐயா, எங்க வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுலயே சொல்லிக் காட்டியிருக்காரு. எதிர எதிர வந்துட்டா ரெண்டு பேரும் அவங்கவங்க வலப்பக்கம் திரும்பணும். பெருசு சின்னது கிடையாது. நான் என் வலப்பக்கம் வாறேன். நீங்க உங்க மககிட்ட சொன்னபடி வாங்க."

அவர் தன் வலப்பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். அர்த்தநாரி தன் இடப்பக்கமாக நடந்தார். நடக்க நடக்க இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்து, ஒருத்தர் நெஞ்சுக்கு ஒருத்தர் நெஞ்சு ஒரு சாண் இருக்கையில் பிரிசில்லா நின்றுவிட்டார். அர்த்தநாரியால் நிற்க முடியவில்லை, தடுமாறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்தார்கள். எல்லாரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள். தாழ்ந்திருந்தது பெரிய பிளேனின் வலது இறக்கை. தேனுமில்லை பாரமுமில்லை, அந்த மனுசர் சட்டப்படி வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். வாணியும் அதைத்தான் முதலில் செய்தாள். படித்த படிப்பை மறக்காமல், பதறாமல், சரியாகத் திருப்பிக்கொண்டிருந்த பிள்ளையை ஊரே கூடி, மைக் வைத்து, வருசக்கணக்காகக் கூப்பிட்டுத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

"அப்ப, அம்மிணி, நீங்க உங்க ஊட்டுக்காரருக்குச் சொல்லுங்க" என்றான் மாரப்பன், மைக்கை நீட்டி. "அவர் இடப்பக்கம் திருப்பினா தீர்ந்துதில்ல?"

"சொன்னா அவருக்கு எப்பக் கேக்கும்? உங்க ஐயா சொன்னது அந்தப் பிள்ளைக்கு எப்பக் கேட்டுது?" என்றார் பிரிசில்லா. "மீதி இருக்கது இந்த இடைவெளிதான். அதுக்குள்ள போய்ச் சேருமா? அப்படியே சேந்தாலும் நான் சொல்லி அவரு எதையும் மாத்தினவர் இல்ல." சொல்லிவிட்டு, கையில் காய்ந்திருந்த சோற்றைப் பார்த்து, அப்போதுதான் அழுதார். பாவாயி தண்ணீர் கொண்டுவந்து அவர் கையைக் கழுவிவிட்டாள். ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை.

திட்டுவதற்கு ஆள் கிடைத்திருந்தால் ஊருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து சொன்னதை எல்லாரும் சேர்ந்து யாரைத் திட்டுவது? உறவுக்காரர்கள் மறுநாளே பேசாமல் கிளம்பினார்கள். நொச்சிவலசு இதையும் செரிக்கத் தொடங்கியது, கேட்கவே கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: மோதினால் எந்தப் பக்கம் எது விழும் என்று கணக்குப் போட்டார்கள், மோதுகிற மெதுவுக்கு முதல் தகரம் தரை தொடப் பேரன் காலம் ஆகும் என்று ஆறுதல் பட்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தை ஊருக்கு மேற்கே மாற்றினார்கள். சந்தை வேறு நிழலுக்குப் போனது.

மாரப்பன் குழாயை அவிழ்க்கப் போனபோது அர்த்தநாரி விடவில்லை.

இப்போதும் காலையிலும் சாயங்காலமும் அவர் களத்தில் நிற்கிறார். வலப்பக்கம் என்று அவர் சொல்வதில்லை. பக்கம் சொல்கிற தகுதி போய்விட்டது என்கிறார். போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் அவர் சொன்ன இடப்பக்கமெல்லாம் இன்னும் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன என்பதும், அவை எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இப்போது சொல்வது போய்ச் சேரும் என்பதும், அதற்குள் இடைவெளி இருக்காது என்பதும் அவருக்கும் தெரியும், பருப்பைத் திருப்புகிற பெண்களுக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. பாவாயி மட்டும் அவர் குரல் கம்முகிறபோது ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, பல் போன வாயை மைக்கோடு ஒட்டி, மேலே பார்த்துக் கெஞ்சுகிறார்:

"கண்ணு வாணீ, அப்பன் பேசறேன். அப்பன் சொல்லறதைக் கேக்காத கண்ணு. இந்த ஒருதரம் கேக்காத."